உடனே என்று எழுதக் கூடாது

மே 5, ஞாயிறு

இந்த நோட்டு எதிர்வீட்டு ரெபேக்கா டீச்சர் கொடுத்தது. லேப்டாப்பில் கோளாறு வந்தால் இதில் எழுதி வைக்க வேண்டுமாம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அவரே நாலு கேள்வி எழுதியிருக்கிறார். எத்தனை மணிக்கு? திரையில் என்ன தெரிந்தது? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? எத்தனை நிமிஷம் கழித்து நடந்தது?

"இந்த நாலுக்கு மட்டும் பதில் எழுதுங்கய்யா. வேற எதும் வேண்டாம்" என்றார்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கையில் இருநூறு பக்க நோட்டைக் கொடுத்து நாலு வரி மட்டும் எழுது என்றால் நடக்கிற காரியமா? டீச்சரம்மா, திரும்பி வந்து திருத்தும்போது மார்க்கைக் குறைத்துவிடாதீர்கள்.

பெயர் செங்காளியப்பன். வயது எழுபத்திரண்டு. பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் அயர்ன் மாஸ்டர். இப்போது திருப்பூரில் மகள் வசந்தாமணி வீட்டில், மூன்றாவது மாடியில், இடது காலில் மாவுக்கட்டோடு இருக்கிறேன். வசந்தாமணி காலை எட்டு மணிக்கு கம்பெனிக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவாள். போகும்போது வெளியே பூட்டிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்த வாக்கில் பதினோரு படி இறங்கிவிட்டேன், அதற்குத் தண்டனை. இன்னொரு சாவி டீச்சரிடம் இருந்தது. டீச்சர் நாளைக் காலையில் பயிற்சி வகுப்புக்குச் சென்னை போகிறார், பன்னிரண்டு நாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டதற்கு வசந்தாமணி, "யார்கிட்டயும் வேண்டாங்க. இவரு பேசியே வாங்கிப்போடுவாரு" என்றாள். என் திறமையை இத்தனை நாள் கழித்து ஒத்துக்கொண்டாள்.

படியிறங்கியது நாச்சிமுத்துவைப் பார்க்க. அவன் கட்டிங் மாஸ்டர், நான் அயர்ன் மாஸ்டர், ஒரே கம்பெனி. அவன் வெட்டியதைத்தான் நான் தேய்த்தேன் என்பதால் அவன் செய்த தப்பெல்லாம் எனக்குத் தெரியும். ஏப்ரல் 16 சாயங்காலம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வாய் கோணியது. நான் உடனே ஆட்டோ பிடிக்க ஓடினேன். சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த குழியில் விழுந்து கால் போனது. அவனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவிநாசியில் மகன் வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேசலாம்தான். பேச முடியாதவனிடம் நான் மட்டும் பேசினால் அது ரேடியோ. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுக்கு என்மேல் கோபம் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். எதற்குக் கோபம் என்று கேட்க வேண்டாம் டீச்சரம்மா, அது உங்கள் நாலு கேள்விக்குள் வராது.

அதற்குத்தான் இந்த லேப்டாப். பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இலவசமாகக் கிடைத்தது. பத்து வருஷம் ஆகிறது. பேத்திக்குக் கல்யாணமாகிவிட்டது, லேப்டாப் மட்டும் பீரோ மேலேயே இருந்தது. பழைய சாப்ட்வேரை அது தாங்கவில்லை என்று டீச்சர் இன்று அதில் லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றினார். திறந்தால் போதும், நாச்சி வீட்டிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுகிற வீடியோ பக்கம் தானாக வந்து நிற்கும்படி செய்து வைத்தார். அவர் போனில் என் முகம், இங்கே திரையில் அவர் முகம். பளிச்சென்று இருந்தது.

"பத்து வருசத்து லேப்டாப்புன்னு யாராவது சொல்வாங்களா? புதுசு கணக்கா ஓடுது பாருங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்கப் போய்விட்டார்.

இப்படி வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் படாதா? வசந்தாமணியின் ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றை எடுத்து லேப்டாப்பின் நெற்றியில், நட்ட நடுவில், அங்கே ஒரு சின்ன வட்டம் இருக்கிறதே, அதற்கு மேலேயே அளவாக ஒட்டிவிட்டேன். திருஷ்டி கழிந்தது.

மே 6, திங்கள்

மணி: மாலை 3.50. திரையில் தெரிந்தது: முதலில் கம்பெனி பெயர். பிறகு எழுத்து ஓடியது. பிறகு இருட்டு. அதற்கு முன்னால் செய்தது: ஒன்றும் செய்யவில்லை. எத்தனை நிமிஷம் கழித்து: உடனே.

இருட்டுக்குள்ளிருந்து நாலு மணிக்கு மணியடித்தது. பிறகு நாச்சியின் மருமகள் பிருந்தாவின் குரல்.

"மாமா, கேக்குதுங்களா? உங்க மூஞ்சி தெரியலீங்க."

"உன்ற மூஞ்சியும் தெரியல கண்ணு. இருட்டுல மாப்பிள்ளை பார்த்த கணக்கா இருக்குது."

"மாமனாரு இங்கதானுங் இருக்கறாரு. காது மந்தம்னு ஒரு ஸ்பீக்கர் பொட்டி வெச்சிருக்கறன். நீங்க பேசுங்."

மூச்சு கேட்டது. நாச்சி மூக்கால் விடுகிற மூச்சு எனக்குத் தெரியும், பீடி பிடித்து அடைத்துப்போன மூக்கு. இருட்டைப் பார்த்துக்கொண்டு நாலைந்து கிண்டல் சொன்னேன். அவன் சிரித்தானா, முறைத்தானா, தூங்கிவிட்டானா, ஒன்றும் தெரியவில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் வராமல் நிற்பது போல நின்றேன். நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். நிற்க முடிந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்?

கடைசியில் பிருந்தா சொன்னாள்: "டாக்டர் சொன்னாருங் மாமா, இன்னும் பத்து நிமிசம் முன்ன வந்திருந்தா பேச்சு தப்பிச்சிருக்கும்னு. பாவம், கால ஒடிச்சுக்கிட்டு நீங்களும் எவ்வளவுதான் ஓடுவீங்க. உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும்."

கரண்ட் போய்விட்டது என்று சொல்லி மூடிவிட்டேன். கரண்ட் இருந்தது.

மே 7, செவ்வாய்

டீச்சர் போன் செய்தார்.

"ஐயா, நோட்டுல எழுதுனதப் படிங்க."

படித்தேன்.

"ஒண்ணும் செய்யலைன்னா இருட்டாகாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தலையைச் சொறிந்துகொண்டு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தபோது ஒரு கட்டம் வந்தது. கட்டத்தில் தமிழில் இருந்ததை ஞாபகம் இருந்தவரை டீச்சருக்குச் சொன்னேன். அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. கேட்டது மரியாதையாகக் கேட்டது, நானும் மரியாதைக்கு ஓகே அழுத்தினேன்.

"அதைத்தானய்யா முதல்லயே எழுதியிருக்கணும்! அப்புறம் இந்த 'உடனே'. இந்த வார்த்தை நோட்டுல வரவே கூடாது. ஓகே அழுத்துனது ஞாயித்துக்கிழமை, இருட்டானது திங்கக்கிழமை. இது உடனேயா? கோளாறு வந்த எல்லாருமே இதத்தான் சொல்றாங்க. உடனே ஆச்சு, உடனே பார்த்தேன். நிமிசம் எழுதுங்க."

சரி. 'உடனே' இனி கிடையாது.

பிறகு ஒரு வைத்தியம் சொன்னார். டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடிக்க வேண்டும். அடித்தேன். அட! உள்ளே எல்லாம் இருக்கிறது. கட்டம், எழுத்து, அம்புக்குறி, எல்லாம் பாசி படிந்த தொட்டியில் மீன் போல மங்கலாகத் தெரிகிறது. படம் சாகவில்லை, பின்னால் இருக்கிற விளக்குதான் அணைந்திருக்கிறது. அந்த விளக்கை எப்படி ஏற்றுவது என்பதைப் பழைய லேப்டாப்பும் புதிய லினக்ஸும் இன்னும் பேசி முடிக்கவில்லையாம். நாம்தான் நடுவில் இருந்து ஒரு வரி சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து எஸ், எம், எல், எக்ஸ்எல். மீதியைக் கீபோர்டுக் கட்டைமேல் தேடிப் படம் போல வரைந்து வைத்துக்கொண்டேன். இதே பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது.

நாளைக்குத் தட்டலாம் என்று விட்டுவிட்டு, நாலு மணிக்கு இருட்டிலேயே பேசினேன்.

"நாச்சி, டேய், நாந்தான். ஆஸ்பத்திரில நர்சுங்க நல்லாக் கவனிச்சாங்களா? அதான் வர மனசில்லாமப் படுத்திருந்தியா?"

மூச்சு நின்றது. துணி உரசுகிற சத்தம். பிருந்தாவிடம் கேட்டேன், என்ன செய்கிறான் என்று.

"ஒண்ணுமில்லீங் மாமா. நீங்க பேசறப்ப அவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்கறாருங்."

"இப்பத்தானா?"

"நேத்தும் அப்படித்தானுங் பண்ணுனாரு."

மே 8, புதன்

இன்று வேலை செய்யவில்லை. விரல் வலி.

மே 9, வியாழன்

மணி: பதினொன்று. திரையில் தெரிந்தது: திறக்கவில்லை.

ஜன்னல் கம்பி பதினான்கு. எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காகம் தினமும் பத்து மணிக்கு வந்து குளிக்கிறது. எனக்குக் குளியல் வசந்தாமணி துடைத்துவிடுகிற ஈரத்துணிதான். காகத்தைப் பார்த்து, "என்னடா, சோப்புப் போடு" என்று கத்தினேன். கீழே போன ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்தான். அவன் நேற்று குளிக்கவில்லையோ என்னமோ, வேகமாகப் போய்விட்டான்.

வெயில் மாவுக்கட்டுக்குள்ளேயும் போகிறது. ஸ்கேல் விட்டுச் சொறிந்தேன். ஸ்கேல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதுவும் நானும் சமம்.

மதியம் டீச்சர் போன். "அந்த வரியத் தட்டுனீங்களாய்யா?"

"தட்டினேன் டீச்சரம்மா."

"என்ன ஆச்சு?"

"இருட்டாத்தான் இருக்குது."

"எந்த எழுத்துக்குப் பக்கத்துல தட்டுனீங்க?"

"கடைசி எழுத்துக்குப் பக்கத்துல."

"எந்தக் கடைசி எழுத்து?"

எனக்கு இருமல் வந்துவிட்டது. நிறைய நேரம் வந்தது.

நாலு மணிக்கு மணியடிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தால்தானே அடிக்கும்.

மே 10, வெள்ளி

சாயங்காலம் பிருந்தா பட்டன் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங் மாமா, மூணு நாளா வரலீங்க? உடம்பு சுகமில்லீங்களா?"

"லேப்டாப்புக்குத்தான் கண்ணு சுகமில்ல. எனக்கென்ன."

"மாமனாரு சாப்பாட்டுக்கு வாயே திறக்க மாட்டேங்கறாருங். கஞ்சி ஊத்துனா ஓரமா வழிய விட்டுடறாரு. நாலு மணியாச்சுன்னா மட்டும் கடியாரத்தப் பாக்கறாருங்."

கடிகாரம் அந்த வீட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஒருவேளை நான் பேசுகிற நேரம் எப்போது முடியும் என்று பார்க்கிறானோ.

மே 11, சனி

வசந்தாமணி வேலை முடிந்து கோழிக்குழம்புக்கு வேண்டியது வாங்கி வந்தாள். பூட்டைத் திறக்கிற சத்தம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சாவி முதல்தடவை சரியாக நுழைந்தால் நல்ல மனநிலை. இன்று மூன்றாவது தடவை.

"ஏனுங்ப்பா, கீழ்வீட்டுக்காரங்க சொல்றாங்க, ஜன்னல்ல நின்னு போற வர்ற ஆளையெல்லாம் கூப்பிடறீங்களாம்."

"நிக்கல அம்மிணி. உக்காந்துதான் கூப்பிடறேன்."

"அந்த அக்காவ 'ஜூனியர் ஆர்ட்டிஸ்டு'ன்னு சொன்னீங்களாம்."

"கூலிங் கிளாஸு போட்டுட்டுக் கறிவேப்பிலை வாங்கப் போச்சு. வேற என்னன்னு சொல்றது?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். எட்டு மணிக்குத் திறந்த கதவு அது. சும்மா திறந்து கிடந்தது. படியைப் பார்த்தேன். முதல் படி வரை நகர்ந்து போய் உட்கார்ந்துவிட்டு நானே திரும்பி வந்துவிட்டேன். போய்ச் சேர்ந்தாலும் அவன் சுவரைத்தானே பார்ப்பான்.

மே 12, ஞாயிறு

வசந்தாமணிக்கு லீவு. நாலு மணிக்கு அவளுடைய டச் போனைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லேப்டாப்பு கெடக்கட்டும்ப்பா. இதுல நாச்சிமுத்து மாமாவப் பாத்துப்போடுங்க. கூப்பிடட்டா?"

"அது சின்னத் திரை. எனக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணாடி போட்டுக்குங்க."

"வெளிச்சம் கூசும்."

"ஏனுங்ப்பா, ரெண்டு வாரமா மூஞ்சி பாக்கோணும் மூஞ்சி பாக்கோணும்னு படியெல்லாம் இறங்குனீங்க. இப்பக் கையில கொண்டாந்து குடுத்தா வேண்டாங்கறீங்க."

"லேப்டாப்புல பார்த்துக்கறேன்னு சொல்றனல்ல. டீச்சரு கஷ்டப்பட்டு லினக்ஸு ஏத்தியிருக்கறாங்க. மரியாதை வேண்டாமா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இருந்தபோது இப்படித்தான் பார்ப்பாள், நான் சொல்வதில் எத்தனை முழம் கயிறு என்று அளக்கிற மாதிரி. பிறகு போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.

அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டீச்சரம்மா, மே 5ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு திருத்தம். 'நான் உடனே ஆட்டோ பிடிக்க ஓடினேன்' என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்த வார்த்தையைத் தடை செய்வதற்கு முன்னால் எழுதியது. இப்போது உங்கள் நாலு கேள்விப்படி எழுதுகிறேன்.

மணி: மாலை 4.10. பேக்கரியில் முட்டை பப்ஸ் தட்டு உள்ளேயிருந்து வந்த நேரம், கடிகாரம் எங்களுக்கு எதிரே.

என்ன தெரிந்தது: நாச்சிக்கு வாய் வலது பக்கம் தொங்கியது. டீ சட்டையில் வழிந்தது. ஏதோ சொன்னான், சொல் வரவில்லை.

அதற்கு முன்னால் நான் செய்தது: தை மாதம் இதே பேக்கரியில், இதே பெஞ்சில், நான் செத்துப்போன மாதிரி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். நாச்சி என் நெஞ்சைக் குத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, ஓவென்று அழுதுவிட்டான். நான் ஒரு கண்ணைத் திறந்து, "பப்ஸு சொன்னனே, வந்துருச்சா?" என்றேன். கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "இருடா செங்காளி, உனக்கு ஒரு நாளைக்கு வெக்கறன்" என்றான். அதனால் வாய் கோணியதும், அந்த வேட்டைத்தான் வைக்கிறான் என்று நினைத்தேன். நான் விடுவேனா? என் வாயையும் அதே மாதிரி கோணிக் காட்டினேன். அவன் ழ, ழ என்றான். நானும் ழ, ழ என்றேன். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணுல தண்ணியெல்லாம் வெக்கறான் பாரு, நல்ல நடிகன்டா நீ" என்று கை தட்டினேன். அவன் இடது கையால் என் சட்டையைப் பிடித்தான். நான் தட்டிவிட்டேன்.

எத்தனை நிமிஷம் கழித்து எழுந்தேன்: அவன் பெஞ்சிலிருந்து சரிந்தபோது மணி 4.22. பன்னிரண்டு நிமிஷம்.

பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். பன்னிரண்டில் பத்து போனால் ரெண்டு நிமிஷம் எனக்கு மிச்சமே இருந்திருக்கிறது.

மே 13, திங்கள்

காலையில் டீச்சருக்கு நானே போன் செய்தேன்.

"டீச்சரம்மா, வரியத் தட்டினேன்னு வியாழக்கிழமை சொன்னது பொய்."

"தெரியும்யா" என்றார். "இருபத்தாறு வருசம் வீட்டுப்பாடம் பார்த்தவ நான். இப்பத் தட்டலாமா?"

ஆன் செய்ததும் எஸ்கேப் கட்டையை விடாமல் தட்ட வேண்டும். முதல் தடவை பிந்திவிட்டேன், இருட்டு. இரண்டாவது தடவை முந்திவிட்டேன், வேறு ஏதோ நீலமாக வந்தது. மூன்றாவது தடவை பட்டியல் வந்தது. அங்கே இ என்ற கட்டை. எழுத்து மழை போலக் கொட்டியது. அதில் லினக்ஸ் என்று தொடங்குகிற வரியைத் தேடி, அதன் கடைசி வரை போய், ஓரத்தில் வரைந்து வைத்திருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினேன். நடுவில் ஒரு கீழ்க்கோடு வருகிறது. அதற்கு ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டுமாம். "ரெண்டு கையும் வேணும்யா" என்றார். போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அழுத்தினேன். பிறகு எஃப் பத்து என்ற கட்டை.

எழுத்து ஓடியது. இருட்டாகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் வெளிச்சம். அறை முழுக்க வெளிச்சம்.

"டீச்சரம்மா, எரியுது! எரியுது!"

"தீயா?" என்று பதறினார், பாவம்.

ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இந்த வரியைத் திரும்பத் தட்ட வேண்டுமாம், அவர் வந்து நிரந்தரமாக்குகிற வரை. தட்டுகிறேன். எனக்கு வேறென்ன ஜோலி?

முகச்சவரம் செய்துகொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டேன். நாலு மணிக்கு மணியடித்தது.

முதலில் பிருந்தா. பிறகு அவள் நகர்ந்தாள். நாச்சி.

இருபத்தேழு நாளில் பாதியாகிவிட்டான். கன்னத்தில் வெள்ளைத் தாடி. வலது கண் கொஞ்சம் கீழே. வாய் அன்று போனபடியே நிற்கிறது. நான் கோணிக் காட்டியது அப்படியே சரியாக இருந்திருக்கிறது, அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறேன் நான்.

"உங்களத் தெரியலீங் மாமா. உங்க பக்கம் ஒரே இருட்டு."

அப்படியானால் நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. திருடன் மாதிரி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் இருட்டான போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் "நாச்சி" என்றேன்.

அவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் மெதுவாகப் போன் பக்கம் வந்தது. மறுபடியும் "நாச்சி" என்றேன். மறுபடியும் சுவர். ஆனால் இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே! அவன் கண் சுவரில் நிற்கவில்லை. மேலே போகிறது, கீழே போகிறது, எதையோ தேடுகிறது. சுவரில் ஒரு பலகை. பலகையில் பிளக்குக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு பெட்டி.

"பிருந்தா, அந்தப் பொட்டிதான் என்ற குரலா?"

"ஆமாங் மாமா. சார்ஜு போடறதுக்கு அங்க வெச்சனுங்."

"அதைக் கொண்டாந்து போனுக்குப் பக்கத்துல வை கண்ணு."

வைத்தாள். "நாச்சி" என்றேன். சுவர்ப் பக்கம் பாதி திரும்பினான், நின்றான். திரும்பி வந்தான். நேராக என்னைப் பார்த்தான். என்னை இல்லை, இருட்டை. ஆனால் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைத்தான் தேடியிருக்கிறான், ஒரு வாரமாக, சுவரில்.

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. லேப்டாப் கோளாறு என்று எழுதிக்கொள்கிறேன்.

மே 14, செவ்வாய்

நேற்று இரவு வந்த வசந்தாமணிதான் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்ப்பா, கேமராமேல எதுக்குப் பொட்டு ஒட்டியிருக்கறீங்க?"

அந்தச் சின்ன வட்டம் கேமராவாம்! டீச்சரிடம் சொன்னதற்கு அவர் போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுச் சிரித்தார், கேட்டது. பொட்டை எடுத்து என் மாவுக்கட்டில் ஒட்டிக்கொண்டேன், அதற்குத்தான் திருஷ்டிப் பொட்டு தேவைப்படுகிறது.

இன்று பூட்டு வழக்கம்போல எட்டு மணிக்கு விழுந்தது. மூன்றரைக்கு வரியைத் தட்டினேன், முதல் தடவையே சரியாக வந்தது. நாலு மணிக்கு நாச்சி வந்தான். தாடி மழித்திருந்தான். என்னைப் பார்த்ததும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தான். இன்னும் சாய்த்தான். தலை தலையணையிலிருந்து இறங்கிவிட்டது. கழுத்தும் போய்விட்டதோ என்று திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தேன்.

"மாமா," பிருந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், "நீங்க தலகீழாத் தொங்கறீங்க! வௌவாலு கணக்கா!"

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் நான். கால் மேலே, தலை கீழே. காலில் பொட்டு. அந்த அப்டேட் கேமராவையும் புரட்டிப் போட்டிருக்கிறது.

நாச்சி பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிக்கவில்லை. சரி, சொல்லிவிட வேண்டும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அதற்குப் பொருத்தமான நிலைமைதான். பிருந்தாவும் அங்கேயே இருந்தாள். இருக்கட்டும்.

"நாச்சி, அன்னிக்கு நீ நடிக்கறீன்னு நெனச்சுட்டன்டா. தை மாசத்துக்குப் பழி வாங்கறீன்னு. பன்னெண்டு நிமிசம் உன்ற வாயப் பாத்து வாயக் கோணிக் காட்டிட்டு உக்காந்திருந்தேன். நீ சட்டையப் புடிச்சே. நான் தட்டி உட்டேன். எல்லார்த்துகிட்டயும் உடனே ஓடுனன்னு சொல்லிப்போட்டேன். நான் ஓடலடா. சிரிச்சேன்."

பிருந்தா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து திரையை விட்டுப் போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

நாச்சியும் நானும் மட்டும். அவன் கண் என்னை விட்டு நகரவில்லை. கோபமா என்று தேடினேன். இதற்குத்தானே இத்தனை வரி, இத்தனை கட்டை. பாதி முகத்தில் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவன் கண் மேலே செருகியது. வாய் திறந்தது. நாக்கு ஓரமாக வெளியே வந்தது. தலை தொப்பென்று தலையணையில் சாய்ந்தது. நெஞ்சு அசையவில்லை.

"பிருந்தா!" என்று கத்தினேன். "பிருந்தா! ஓடியா! ஆம்புலன்ஸுக்குப் போனப் போடு! நாச்சி! டேய்! பிருந்தா!" எழுந்துவிட்டேன், கட்டுக்காலோடு. நாற்காலி விழுந்தது. கதவைப் போய் அடித்தேன். பூட்டு. கதவை அடித்து என்ன பயன், அவன் அவிநாசியில் இருக்கிறான். ஒற்றைக்காலில் தாவித் திரும்பி வந்து லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினேன்.

பிருந்தா ஓடி வந்தாள். அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

நாச்சி ஒரு கண்ணைத் திறந்தான்.

ஒரே ஒரு கண். இடது கண். அதை வைத்து என்னைப் பார்த்தான். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்று இறங்கிய பம்ப்பை அடிப்பது போல, கெக், கெக், கெக் என்று. எனக்கு அந்தச் சிரிப்பு ஐம்பது வருஷமாகத் தெரியும். கொஞ்சம் கோணலாக வந்தது, அவ்வளவுதான். இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, பப்ஸ் தின்கிற மாதிரி வாய்க்குக் கொண்டுபோனான்.

"ரெண்டு பேருக்கும் வயசாச்சே தவிர அறிவு ஆகலீங்" என்று பிருந்தா அழுதுகொண்டே திட்டினாள். கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி கஞ்சியை அவன் வாயில் வைத்தாள். சிரித்ததில் வாய் திறந்தே இருந்தது, உள்ளே போய்விட்டது. என் பக்கம் அவள் திரும்பவில்லை. மாமா என்று கூப்பிடவில்லை. மூடும்போது மட்டும், "நாளைக்கும் நாலு மணிக்கே வாங்" என்றாள். எனக்கு அதுவே ஜாஸ்தி.

டீச்சருக்குப் போன் செய்து கேமரா தலைகீழாக இருப்பதைச் சொன்னேன். அதற்கும் ஒரு வரி இருக்கிறது, தட்டினால் நேராகிவிடும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் நேராக இருந்தால் அவன் கழுத்தைச் சாய்க்க மாட்டான். கழுத்துக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ அம்மாவுக்கு அவன் கழுத்தைச் சாய்த்தே காட்டவில்லை என்று பிருந்தா நேற்றுச் சொன்னாள்.

கட்டுப் பிரிக்க இன்னும் பதினாலு நாள். எட்டு மணி வரை பூட்டு அப்படியேதான் இருக்கிறது. கால் விண்விண் என்று தெறிக்கிறது, தாவியது தப்பு. வசந்தாமணியிடம் சொல்லப்போவதில்லை.

நோட்டுக்கு உரியதை எழுதிவிடுகிறேன்.

நாச்சி செத்தது: மாலை 4.09. லேப்டாப் கடிகாரம்.

நான் கத்தியது: மாலை 4.09.

டீச்சரம்மா, இந்த ஓர் இடத்தில் மட்டும் 'உடனே' என்று எழுதிக்கொள்ளலாமா?